இருநூற்றுப் பதினான்காவது படம்

அந்த மருத்துவமனையில் ஊசியக்கா என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். இரண்டாம் மாடி லேபில், ஜன்னலோரத்து மூன்றாம் நம்பர் நாற்காலியில் இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுப்பவள். மற்றவர்கள் நரம்பு கிடைக்கவில்லை என்று கைவிட்ட கைகளெல்லாம் கடைசியில் அவளிடம் வந்து சேரும். முழங்கை மடிப்பை விரல் நுனியால் ஒரு தடவு தடவுவாள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் வந்தவருக்கே விஷயம் தெரியும்.

யார் வீட்டுப் பிள்ளைக்கோ பூவாக இருந்த அந்தக் கை, சொந்தப் பிள்ளையிடம் மட்டும் இரும்பாக இருந்தது. கணவர் ஒரு காலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். அப்போது பிள்ளைக்கு நாலு வயது. தகப்பன் இல்லாமல் வளர்ந்ததால் தறுதலையாகப் போய்விட்டான் என்று ஒருத்தர் வாயிலும் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதே அதற்குப் பிறகு அவளுடைய கவலையாக இருந்தது.

பிள்ளைக்கு வீட்டில் புள்ளி என்று பெயர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பென்சில் கிடைத்தால் போதும், சுவர், காலண்டர், அலமாரிக் கதவு, அவளுடைய வெள்ளைக் கோட்டு என்று எதையும் விடாமல் புள்ளி வைத்துக்கொண்டே போவான். வளர்ந்த பிறகு சிநேகிதர்கள் அதையே பிடித்துக்கொண்டு, "பெரிய புள்ளி வர்றாருப்பா, வழி விடுங்க" என்று கிண்டல் செய்தார்கள். அவன் பெரிய புள்ளியெல்லாம் ஆகவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தான். இருபத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டான். இருபத்தொன்பதில் செத்துப்போனான்.

ரத்தப் புற்று. எல்லாமாகச் சேர்த்து ஆறு வாரம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னவனைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து அவள்தான் முதல் ரத்தத்தை எடுத்தாள். அச்சாகி வந்த தாளைப் பார்த்ததும் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். அதே ரத்தத்தை இரண்டாம் முறை ஓட்டினாள். மூன்றாம் முறை ஓட்டப் போனபோது பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மருமகள் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. காலையில் இரண்டு பேரும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள், மாலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர் டீ போடுவார். இப்போது கடை வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறது, அவளை அங்கே பொறுப்பாகப் போடுகிறார்கள். போகட்டுமா என்று மருமகள் மூன்று நாள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது ஊசியக்காதான் போகச் சொன்னாள். முப்பது வயது ஆகாத பெண்ணை இந்த வீட்டில் தன்னோடு அடைத்துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மருமகளின் பெட்டிகளை இறக்குவதற்காகப் பரணைக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கம்ப்யூட்டர் கீழே வந்தது. பழைய போர்வை ஒன்றில் சுற்றியிருந்தது. பெட்டி மாதிரி பின்னால் புடைத்த மானிட்டர், மஞ்சளித்துப்போன கீபோர்டு, தூசி அடைத்த சி.பி.யு. மருமகள் ஆசையாகத் துடைத்தாள். "இது அவரோடதா அத்தை? ஆன் பண்ணிப் பார்ப்போமா?" என்றாள்.

ஊசியக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

புள்ளிக்குப் பதினைந்து வயதானபோது படிப்புக்கு ஆகும் என்று வாங்கிக் கொடுத்தது அது. அவன் அதில் நாய் வரைந்தான். அவர்கள் தெருவில் ஒரு பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும் கிழட்டு நாய் ஒன்று இருந்தது. அதை நடக்கவைக்கப் போகிறேன் என்றான். ஒரு அடி எடுத்து வைப்பதற்கே பத்துப் பன்னிரண்டு படம் வேண்டுமாம். ஒவ்வொன்றையும் மவுஸைப் பிடித்துக்கொண்டு வரைய வேண்டும். அவள் மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வரும்போது திரையில் ஒரு வால் இருக்கும். மறுநாள் பார்த்தால் அதே வால் ஒரு நூல் அளவு நகர்ந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் தோற்று வந்தான். மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, நாய் என்ன வேலை வாங்கித் தரப்போகிறது என்பதுதான்.

அடுத்த திங்கட்கிழமை மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்த தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அன்றே அதற்கு ஒரு பாஸ்வேர்டு போட்டாள். போட்டதைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். புள்ளி மூன்று முறை கேட்டான். "ஒரே ஒரு மணி நேரம்மா" என்று கடைசி முறை கேட்டபோது அவன் குரல் உடைந்தது. பரீட்சை முடியட்டும் என்றாள். அதன் பிறகு, பரீட்சை முடிந்தும்கூட, அவன் கேட்கவே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

சுமாரான மதிப்பெண்ணில் தேறினான். தொழிற்படிப்புக்காக விடுதிக்குப் போனான். கம்ப்யூட்டர் பரணுக்கு ஏறியது. கைப்பை கிழிந்து வேறு கைப்பை வந்தது. பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

அதை மருமகள் மேசைமேல் வைத்து வயர்களை இணைத்தாள். பொத்தானை அழுத்தியதும் உள்ளே மின்விசிறி கரகரத்தது. தேதி தப்பு என்று ஏதோ முறையிட்டுவிட்டு, உயிர் வந்துவிட்டது. நீலத் திரையில் ஒரு மஞ்சள் வாத்துப் படம், பக்கத்தில் 'அம்மா' என்று பெயர், கீழே காலியாக ஒரு கட்டம்.

"பாஸ்வேர்டு என்ன அத்தை?"

"தெரியலம்மா."

கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. பாஸ்வேர்டு வைத்தவர் தனக்கு ஞாபகம் வர ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பார், அதை அழுத்தினால் காட்டும் என்று சொல்லிக்கொண்டே மருமகள் அதை அழுத்தினாள். சின்னதாக ஒரு மஞ்சள் சீட்டு மாதிரி விரிந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டு சொல். மருமகள் வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

"போய்ப் படி."

அன்றைக்கு அந்தக் குறிப்பை எழுதியது ஊசியக்காவுக்கு நினைவே இல்லை. ஏதோ ஒரு கட்டம் கேட்டது, அவள் கோபத்தில் இருந்தாள், மனதில் இருந்ததை அடித்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்குறியை அவன் அழுத்திப் பார்க்காமலா இருந்திருப்பான்? எத்தனை தடவை அழுத்தியிருப்பான்?

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் இரண்டு பேரும் மேசையை விட்டு எழவில்லை. மருமகள் ஒரு நோட்டில் ஒவ்வொன்றாக எழுதி, அடித்துப் பார்த்து, கோடு போட்டாள். புள்ளி பிறந்த தேதி, அவன் அப்பா பெயர், லேபின் தொலைபேசி எண், ஊசியக்காவின் பணியாளர் எண். சான்றிதழைத் தேடி எடுத்து அவனுடைய தேர்வு எண்ணையும் போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை அது.

"அத்தை, வேற மாதிரி யோசிங்க. அன்னைக்கு அவர் மேல என்ன கோபத்துல இருந்தீங்க? குறிப்பே இப்படின்னா, பாஸ்வேர்டும் அப்படித்தானே இருக்கும்?"

மருமகள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஊசியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாள். சோம்பேறி. தப்பு என்றது. உருப்படாதவன். தப்பு. தண்டச்சோறு. தப்பு. செத்துப்போன பிள்ளையை, அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தன் கையாலேயே ஒவ்வொரு வசவாக எழுதித் திட்டிக்கொண்டிருந்தாள். ஆறாவது வசவில் பாதி எழுத்தோடு கை நின்றுவிட்டது. நெருப்பைத் தொட்டவள் போலக் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மருமகள் திரையை அணைத்துவிட்டு டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீ ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் ஊசியக்கா அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

மருத்துவமனையில் புள்ளி படுத்திருந்த கடைசி வாரத்துக்கு முந்தைய வாரம், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு நாய் வரைந்திருந்தான். காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஆர்ட்டிஸ்டா என்று கேட்டாள். "ஒரு காலத்துல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த ஒரு வார்த்தை ஊசியக்காவைக் குத்திவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, "அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருக்காம்மா?" என்றான். பரணில் இருக்கிறது என்றாள். "தூக்கிப் போட்டுடாத" என்றான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நான்தான் அதைப் பூட்டினேன். அவன் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. அன்னைக்கு விட்டிருந்தா இன்னைக்கு அவன் எங்கேயோ இருந்திருப்பான். லிஃப்ட் குழிக்குள்ள எண்ணெயும் பிசுக்குமா நின்னுருக்க வேணாம்."

நோய் லிஃப்டால் வரவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஊசியக்கா பேசியதும் நோயைப் பற்றி அல்ல.

மறுநாள் லேபுக்குப் பிரிண்டர்காரர் வந்தார். ரிப்போர்ட் அச்சடிக்கும் இயந்திரம் தாளைக் கடித்துத் துப்பும்போதெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது இருக்கும். வலது தோள் சரியில்லாததால் கருவிப்பையை எப்போதும் இடது பக்கமே மாட்டிக்கொண்டு, சற்றுச் சாய்ந்தே நடப்பார். வாய் ஓயாது. பழுதான இயந்திரத்திடம்கூட, "உனக்கு என்ன குறை வச்சோம் சொல்லு" என்று கேட்டுக்கொண்டேதான் திறப்பார். ஊசியக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். எந்த வருடத்துக் கம்ப்யூட்டர் என்று மட்டும் கேட்டார். சொன்னதும், இதற்கா இவ்வளவு யோசனை, சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். முதலில் மூடியைத் திறந்து, ஒரு சட்டித் தூசியைத் துடைத்து எடுத்தார். நாணயம் மாதிரி இருந்த பேட்டரியை மாற்றினார். பிறகு சம்மணம் போடாத குறையாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விளக்கினார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் நாம் வைக்கிற பூட்டு வாசல் கதவுக்கு மட்டும்தான். கொல்லைப்பக்கம் ஒரு கதவு உண்டு. இயந்திரம் கெட்டுப்போனால் சரிசெய்வதற்காகச் செய்தவர்களே வைத்தது. அதற்குப் பாஸ்வேர்டு போட வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. பாதிப் பேருக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

பொத்தானை அழுத்திவிட்டு, கீபோர்டின் மேல்வரிசையில் F8 என்ற பட்டனை டக் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தார். திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வந்தது. முதல் வரியைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்ச நேரம் முனகிவிட்டு அதே நீலத் திரை வந்தது. ஆனால் இப்போது வாத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் இன்னொரு பெயரும் இருந்தன.

"இவர்தான் கொல்லைப்பக்கத்துக்காரர்" என்று சொல்லி அதை அழுத்தினார். கட்டமும் வரவில்லை, கேள்விக்குறியும் வரவில்லை. கதவு திறந்துவிட்டது.

இரண்டு ஞாயிறு உயிரை எடுத்த வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக, நிறமெல்லாம் திட்டுத் திட்டாக ஒரு திரை. நாலு மூலையிலும் இது பாதுகாப்பு நிலை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிரிண்டர்காரர் திரைக்குக் கிட்டே குனிந்தார். நடுவில் ஒரே ஒரு கோப்புறை இருந்தது. 'நாய்' என்று அதற்குப் பெயர்.

"அக்கா, இங்க ஒண்ணும் இருக்கக் கூடாதே. இந்த வழியா யாரோ ஏற்கெனவே வந்து போயிருக்காங்க."

"யாரு?" என்றாள் ஊசியக்கா. கேட்ட மாத்திரத்தில் அவளுக்கே விடை தெரிந்துவிட்டது.

திறந்தார். வரிசையாகப் படங்கள். எண் போட்டுப் பெயர் வைத்திருந்தான். முதல் எண் இருநூற்றுப் பதினான்கு. கடைசி எண் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் நேராக, அது எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வரைந்து வைக்கப்பட்டது என்று இருந்தது. மருமகள் குனிந்து முதல் தேதியைப் படித்தாள். ஊசியக்கா விரல் விட்டு எண்ணினாள். அவள் பூட்டுப் போட்டது திங்கட்கிழமை. இது அந்த வாரத்து வியாழக்கிழமை.

மூன்றே நாள்.

மணியைப் பார்த்தாள். நாலேகால், நாலரை, ஐந்து பத்து, ஐந்து ஐம்பது. அடுத்த நாளும் நாலேகாலிலிருந்து ஐந்து ஐம்பது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு படம்கூட ஐந்து ஐம்பதைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அவன் வீட்டுக்கு வருவது நாலு மணிக்கு. அவள் வருவது ஆறு மணிக்கு. பத்து நிமிடத்தில் இயந்திரத்தை அணைத்து, அதைச் சூடு ஆறவிட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. கடைசித் தேதி, விடுதிக்குப் போன அன்றைக்கு முந்தைய நாள்.

அவளுடைய பாஸ்வேர்டை எடுத்துவிடட்டுமா என்று பிரிண்டர்காரர் கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றாள். இரண்டு தட்டில் அதை எடுத்தார். அவள் என்னதான் வைத்திருந்தாள் என்பது கடைசிவரை தெரியவே இல்லை. வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்த்தால், மீதிப் படங்கள் அங்கே இருந்தன. ஒன்றிலிருந்து இருநூற்றுப் பதின்மூன்று வரை. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு, ஊசியக்காவை நடுவில் உட்காரவைத்து, அம்புக்குறிப் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். படம் மாற்றிப் படம் ஓடியது. நாய் நடந்தது.

நிஜமாகவே நடந்தது. தேன் நிறத்தில், முதுகில் வெளிச்சமும் வயிற்றில் நிழலுமாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு, அவர்கள் தெரு முக்குக்கு வந்தது. படுக்க இடம் தேடியது. ஒரு கதவோரம் சுருண்டு படுக்கப் போனது, கதவு திறந்தது. எழுந்து ஒரு சைக்கிள் நிழலுக்குப் போனது. அங்கே இரண்டு சுற்று சுற்றி, வாலைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போகும்போது திடீரென்று நிறம் மாறியது. தேன் நிறம் போய்க் காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு. நிழலும் வெளிச்சமும் காணாமல் போயின. கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி ஒடிந்து ஒடிந்து இருந்தது.

பிரிண்டர்காரர் கையை எடுத்தார். மூலையில் எண் தெரிந்தது. இருநூற்றுப் பதினான்கு.

"இந்தக் கொல்லைப்பக்கத்துல மொத்தமே பதினாறு நிறம்தான்க்கா தெரியும். சத்தமும் வராது. இதுல உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை பார்க்கிறதே எங்களுக்குக் கண்ணைக் கட்டும். இந்தப் பையன் ஆயிரத்துச் சொச்சம் வரைஞ்சிருக்கான்."

மீண்டும் அழுத்தினார். சிவப்பு நாய் படுக்கப் பார்த்தது. சைக்கிள்காரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான், நிழலும் கூடவே போனது. நாய் அந்த நிழலின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தது. காதைச் சொறியப் போய், சரியில்லாத கால் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தது. ஊசியக்கா சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மருமகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் படத்தில் நாய் ஒரு பெஞ்சுக்குக் கீழே அரைச் சுற்றுச் சுற்றி, பின்னங்காலைத் தூக்கியபடி நின்றது. அதற்குமேல் எதுவும் இல்லை. நாய் படுக்கவே இல்லை.

பிரிண்டர்காரர் எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நல்ல கை அக்கா" என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு ஊசியக்கா அந்த இயந்திரத்தை மறுபடி ஒரு சல்லடை போட்டுத் தேடச் சொன்னாள். தனக்கென்று ஒரு வரி எழுதி வைத்திருப்பான் என்று ஒரு நப்பாசை. தூக்கிப் போட்டுடாத என்று சொன்னானே. மருமகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்துக் கட்டுரை ஒன்று, நாலைந்து பாட்டு, நாய்தான் மிச்சம். கடிதம் எதுவும் இல்லை.

தான் அவனைத் தடுத்துவிடவில்லை என்பதில் அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் ஒரு வாய்த் தண்ணீர் அளவுக்குத்தான். ஒரே கூரையின் கீழே ஏழெட்டு மாதம் தினமும் அவளுக்குப் பயந்து, மணியைப் பார்த்துப் பார்த்து ஒரு பிள்ளை வாழ்ந்திருக்கிறான். அவள் பக்கத்து வீட்டிலெல்லாம் தன் கண்டிப்பைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே. பெரியவனாகி, சம்பாதிச்சு, கல்யாணமெல்லாம் ஆச்சு. 'அம்மா, உன்னை ஏமாத்திட்டேன்'னு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருந்தா நான் என்ன அடிக்கவா போறேன்?"

மருமகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க கல்யாணத்தன்னைக்கு நீங்க எங்க அம்மாகிட்ட சொன்னீங்க, ஞாபகம் இருக்கா அத்தை? கம்ப்யூட்டரைப் பூட்டினேன், அதுக்கப்புறம்தான் என் பிள்ளை ஆளானான்னு. அவர் என் பக்கத்துலதான் நின்னார். நான் நிஜமான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டினார். சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போ புரியல. உங்க பெருமையை உடைக்க அவருக்கு மனசு வரல, அவ்வளவுதான்."

ஊசியக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. மருமகள் தடுக்கவில்லை.

அழுது முடித்து முகம் கழுவி வந்ததும், "இன்னும் என்கிட்ட என்னென்ன மறைச்சான்? உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லு. ஒண்ணையும் விடாத" என்றாள்.

மருமகள் முதலில் தயங்கினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவித்த முட்டையின் மஞ்சள் கரு அவனுக்குப் பிடிக்காது. தினமும் அம்மா தட்டில் வைக்கிறாளே என்று தண்ணீரோடு சேர்த்து விழுங்குவான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் லிஃப்ட் குழியைப் பார்த்துத் தலை சுற்றி மயங்கி விழுந்திருக்கிறான். அப்பா முகம் ஞாபகம் இருப்பதாக அம்மாவிடம் சொல்வான். உண்மையில் போட்டோவில் பார்த்ததுதான், ஞாபகம் இல்லை. ஊசியக்கா ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையை ஆட்டினாள். சிலவற்றுக்கு, "அப்படியா" என்றாள். முட்டைக்கு மட்டும், "சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று கோபித்துக்கொண்டாள். தெரு விளக்கு எரியும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் மருமகள் கிளம்பினாள். ஒரு பென்டிரைவ் அவளோடு போனது. டாக்ஸி கிளம்புவதற்கு முன்னால் ஊசியக்கா ஜன்னல் வழியாகக் குனிந்து, புது ஊரில் யாரையாவது பிடித்துப்போனால் யோசிக்காமல் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றும், மறைக்க மட்டும் கூடாது என்றும் சொன்னாள். மருமகள் அவள் கையை இறுகப் பிடித்தாள். வண்டி போய்விட்டது.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் மருமகள் போனில் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, வீடு வசதியா, கடையில் கூட்டமா என்பதெல்லாம் முடிந்ததும் ஊசியக்கா மெதுவாக, "வேற எதுவும் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்பாள். எதையாவது ஒன்றை மருமகள் சொல்வாள். அவள் அதை வாரம் முழுக்க வைத்துக்கொள்வாள்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுதாகச் சேர்ந்து வாழாத பெண்ணிடம் எவ்வளவுதான் இருக்கும்? மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மருமகள் போனில் குரலைத் தாழ்த்தி, "இந்த வாரம் ஒண்ணுமே ஞாபகம் வரல அத்தை. எல்லாம் சொல்லி முடிச்சுட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

ஊசியக்கா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவால்லம்மா. இன்னைக்கு நான் சொல்றேன், நீ கேளு. அவனுக்கு அப்போ ஆறு வயசு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துல இருந்து ஒத்தைச் செருப்போட வந்து நிக்கிறான். இன்னொண்ணு எங்கடான்னு கேட்டேன். பஸ்ல சீட்டுக்கு அடியில தூங்குதும்மா, எழுப்ப மனசு வரல, விட்டுட்டு வந்துட்டேன்னான்."

மறுமுனையில் அழுகைக்கு நடுவே சிரிப்புக் கேட்டது.

"அடிச்சீங்களா?"

"அடிச்சேன்" என்றாள் ஊசியக்கா. "அப்புறம் ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு பஸ் டிப்போவுக்கு நடந்தோம். அவன் ஒத்தைச் செருப்போட நொண்டி நொண்டி வர்றான். வழி முழுக்க என்னென்ன பேசிக்கிட்டு வந்தான் தெரியுமா?" என்று சொல்லத் தொடங்கினாள்.